பெயின்ட்டில் கீறல் விழாமல் காரைக் கையால் கழுவுவது எப்படி?

வெயிலில் நிற்கும் ஒரு கறுப்புக் காரின் பானட்டைச் சாய்வாகப் பாருங்கள். சூரியன் பளிச்சென்று தெரியும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை விரித்ததுபோல மெல்லிய கோடுகள் தெரியும். வெள்ளைக் காரிலும் அவை இருக்கும், சட்டென்று கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான். இந்தக் கோடுகளைச் சாலையோ மழையோ போடவில்லை. பெரும்பாலும் காரைக் கழுவியவர்களும் துடைத்தவர்களும்தான் போட்டார்கள். அழுக்கு தன்பாட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தால் கீறாது. அதன்மேல் துணியை வைத்து இழுக்கும்போதுதான் கீறுகிறது.

அதனால் எப்படி நன்றாகத் தேய்ப்பது என்று இங்கே சொல்லப்போவதில்லை. கை படுவதற்கு முன்பே எவ்வளவு மண்ணை இறக்க முடியும், மிச்சமிருப்பதை எப்படிப் பெயின்ட்டை விட்டு விலக்கிக் கொண்டுபோகலாம் என்பதுதான் விஷயம்.

கீறல் எப்படி விழுகிறது?

இப்போதைய கார்களில் உலோகத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்றால், நாம் கை வைக்கும் படலம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்களிடமிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தப் படலம்தான். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். போடலாம். ஆனால் பாலிஷ் என்பதே கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டி மட்டமாக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் படலம் குறையும், அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது.

அந்தப் பக்கம் சாலைத் தூசி. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடிக்கே 5.5 அளவுதான். கிளியர் கோட் ஒருவகைப் பிளாஸ்டிக். போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீறல் விழ மூன்று சேர வேண்டும்: கடினமான துகள், அதன்மேல் அழுத்தம், அப்புறம் நகர்வு. துகளைத் தண்ணீரும் நுரையும் குறைக்கும். அழுத்தத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. நகர்வைத் தவிர்க்க முடியாது, ஆனால் ஷாம்புவின் வழுக்கல் அதனால் வரும் உரசலைக் குறைக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் குறைக்கத்தான்.

இன்னொன்று. வட்ட வட்டமாகத் தேய்த்ததால்தான் வட்டக் கீறல் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் ஓடும். வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகின்றன. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். நேர்கோட்டில் கழுவுங்கள் என்ற அறிவுரையில் தவறில்லை, விழுகிற கீறல் ஒரே திசையில் இருந்தால் கண்ணில் படுவது குறையும். ஆனால் மணல் ஒட்டிய துணியை நேராக இழுத்தாலும் அது கீறத்தான் செய்யும்.

சாமான்கள்

இரண்டு வாளி வேண்டும், ஒவ்வொன்றும் 15 முதல் 20 லிட்டர் பிடிப்பதாக. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். வாளியின் அடியில் வைக்கும் சல்லடைத் தட்டு தனியாகக் கிடைக்கிறது. கிரிட் கார்டு என்பார்கள். மண் அதன் ஓட்டைகள் வழியே அடியில் இறங்கிவிடும், கை விட்டுக் கலக்கினாலும் சுலபத்தில் மேலே வராது. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தண்ணீரை அடிக்கடி மாற்றிச் சமாளிக்கலாம்.

கழுவுவதற்கு மைக்ரோஃபைபர் கையுறை. வாஷ் மிட் என்று கேட்டால் தருவார்கள். நீளமான இழைகள் கொண்டதாக, தொட்டால் புசுபுசுவென்று இருக்க வேண்டும். சாதாரண ஸ்பாஞ்சில் என்ன குறை என்றால், அதன் முகம் தட்டையானது. மணல் துகள் உள்ளே போக இடமில்லாமல், ஸ்பாஞ்சுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கோடு கோடாக இழுபடும். நீள இழைக்குள் துகள் புதைந்துவிடும். பழைய பருத்தித் துணிகள் தரை துடைக்கத் தோது, காருக்கு வேண்டாம். அவற்றின் தையலும் ஓர மடிப்புமே கீறப் போதும்.

இரண்டு கையுறை வாங்குங்கள். ஒன்று மேல்பாகத்துக்கு, ஒன்று கீழ்பாகத்துக்கு. சக்கரத்துக்கு இவை இரண்டும் கிடையாது. அதற்கென்று ஒரு பிரஷ்ஷும் பழைய துணியும் ஒரு சின்ன வாளியும் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

ஷாம்பு கார் கழுவுவதற்கென்றே செய்யப்பட்டதாக, பி.எச். 7ஐ ஒட்டியதாக, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையில் இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவத்தை ஒருமுறை ஊற்றினால் பெயின்ட் உரிந்துவிடாது, அந்தப் பயமுறுத்தல் மிகை. ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்யப்பட்டது, மேலே பூசியிருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கார் ஷாம்பு தரும் வழுக்கலும் அதில் கிடைக்காது. துணி துவைக்கும் பவுடர் இன்னும் மோசம். காரத்தன்மை ஒரு பக்கம், கரையாத துகள்கள் ஒரு பக்கம். பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ டீசலோ கலந்து துடைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பளபளப்பு வெறும் எண்ணெய்ப் படலம். தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், ரப்பர் பாகங்களுக்கும் ஆகாது.

துடைக்க ஒரு பெரிய மைக்ரோஃபைபர் டவல், ஓரங்களுக்குச் சின்னதாக இரண்டு மூன்று. புதிதாக வாங்கியதும் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எறிந்துவிட்டு, ஒருமுறை துவைத்துப் பயன்படுத்துங்கள்.

தண்ணீருக்கு ஹோஸ் போதும். பிரஷர் வாஷர் இருந்தால் வேலை சுலபம்.

தொடங்கும் முன்

நிழல் வேண்டும். வெயிலில் சுட்டுக்கிடக்கும் தகட்டில் ஷாம்பு நுரை சில நிமிடங்களில் காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும், தண்ணீர் கறையாகும். புறங்கையை பானட்டில் வைத்துப் பாருங்கள். சூடு உறைத்தால் காத்திருங்கள். ஓட்டிவிட்டு வந்த உடனேயும் வேண்டாம், என்ஜின் சூடும் பிரேக் சூடும் தணியட்டும். காலையோ மாலையோ வசதியான நேரம்.

கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். மழையை உணர்ந்து தானே ஓடும் வைப்பர் இருந்தால் அதை அணைத்துவைக்க வேண்டும். துடைத்துக்கொண்டிருக்கும்போது அது கையில் வந்து அடிக்கும். சாவி பக்கத்தில் இருந்தாலே திறந்துகொள்ளும் கார் என்றால், சாவியைத் தள்ளி வைத்துவிடுங்கள். பம்பருக்குக் கீழே கால் அசைந்தாலே டிக்கி திறக்கும் கார்களில், சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கழுவினால் உள்ளே தண்ணீர் போவது நிச்சயம். மின்சாரக் காரின் சார்ஜிங் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

முதலில் சக்கரங்கள்

கடைசியில் கழுவலாம் என்பவர்களும் உண்டு. நான் முதலில் என்ற கட்சி. சக்கரத்தில்தான் காரிலேயே மோசமான அழுக்கு இருக்கிறது. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள், தார், மண் எல்லாம் அங்கே சேரும். கழுவி முடித்த பெயின்ட்டின்மேல் அது தெறிப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு சக்கரமாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள குழியிலும் டயரிலும் நன்றாகத் தண்ணீர் அடித்து, ஷாம்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகக் கழுவி, காய்வதற்குள் அலசிவிடுங்கள். சாதாரணமாக இது போதும். பழுப்புப் புள்ளிகள் பிடிவாதமாக நின்றால் அவை வீலில் பதிந்த இரும்புத் துகள்கள். அயர்ன் ரிமூவர் என்று விற்கும் திரவம் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் வேலை செய்யும். வீல் ஆறியிருக்க வேண்டும், திரவம் அதன்மேல் காயக் கூடாது, கைக்கு ரப்பர் கையுறை அவசியம். அமிலம் கலந்த வீல் கிளீனர்களைப் பூச்சில்லாத அலுமினிய வீலில் போடாதீர்கள், கறை விழும்.

தண்ணீர்

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். பெரும்பாலானவர்கள் காரை நனைத்தோம் என்று பேர் பண்ணிவிட்டு உடனே துணியை எடுக்கிறார்கள். நனைப்பது நோக்கமில்லை, மண்ணை இறக்குவதுதான் நோக்கம். ரூஃபில் தொடங்கி மெதுவாகக் கீழே வாருங்கள். நம்பர் பிளேட்டைச் சுற்றி, பம்பர் மடிப்பு, கதவுகளின் அடிப்பாகம், சக்கரக் குழியின் உதடு ஆகிய இடங்களில் மண் கட்டியாக ஒட்டியிருக்கும். அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள். வழியும் தண்ணீர் கலங்கலாக இருக்கும்வரை நிறுத்த வேண்டாம். காய்ந்த சேறு என்றால் ஒருமுறை நனைத்துவிட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி அடியுங்கள். சேற்றைக் கையால் உரிக்கவே கூடாது. கடற்கரைப் பக்கமோ, பனிக்காக உப்புத் தூவிய சாலையிலோ ஓட்டியிருந்தால் அடிவயிற்றுக்கும் நல்ல தண்ணீர் காட்ட வேண்டும். உப்பு அங்கேதான் துருவை வளர்க்கும்.

பிரஷர் வாஷரில் 25 அல்லது 40 டிகிரி விசிறியாக அடிக்கும் நாசிலைப் போடுங்கள். ஊசி போல ஒரே கோட்டில் அடிக்கும் 0 டிகிரி நாசிலையும், அந்தக் கோட்டைச் சுழற்றி அடிக்கும் நாசிலையும் காரின் பக்கமே கொண்டுவர வேண்டாம். நாசிலுக்கும் காருக்கும் குறைந்தது 30 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். கல்லடி பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடம், ஸ்டிக்கரின் ஓரம், பாதுகாப்பு ஃபிலிமின் விளிம்பு, மறுபெயின்ட் அடித்த பம்பர் இவற்றில் இன்னும் தள்ளி நின்று அடியுங்கள். விளிம்புக்குள் தண்ணீர் நுழைந்தால் பெயின்ட்டையோ ஃபிலிமையோ கிளப்பிவிடும். பார்க்கிங் சென்சார், கேமரா, கதவு ரப்பர்களிலும் அப்படித்தான்.

நுரையில் ஊறவிடுதல்

பிரஷர் வாஷரில் மாட்டும் நுரைத் துப்பாக்கி இருந்தால் வசதி. இல்லாவிட்டால் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஒன்றைப் புதிதாக வாங்கி, அதில் ஷாம்புத் தண்ணீர் நிரப்பித் தெளிக்கலாம். பழைய மருந்துப் பம்பு வேண்டாம். நுரை 3 முதல் 5 நிமிடம் நிற்கட்டும். காய்வதுபோலத் தெரிந்தால் அதற்கு முன்பே அலசிவிடுங்கள்.

வெள்ளை வெளேரென்று கார் முழுக்க நுரை நிற்பது பார்க்க அழகுதான், ஆனால் நுரை மட்டுமே காரைச் சுத்தமாக்கிவிடாது. சாலையில் படியும் மெல்லிய அழுக்குப் படலம் கை பட்டால்தான் போகும். தளர்ந்த மணலையும் மண்ணையும் கைக்கு முன்பாகவே கீழே இறக்குவதுதான் நுரையின் வேலை, அதைச் செய்தாலே பாதிக் கீறலைத் தவிர்த்துவிடலாம்.

இந்த நேரத்தில் பறவை எச்சம் எங்காவது இருந்தால் கவனியுங்கள். அதன்மேல் ஈரத்துணி ஒன்றைப் போட்டு 10 நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் மேல்நோக்கி எடுங்கள். எச்சத்தில் மணல் துகளும் விதையும் இருக்கும். அதில் அமிலம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கி இறுகும். காய்ந்த எச்சம் மேலே ஒட்டியிருந்தால் அதன் வடிவத்தைச் சுற்றியே இறுகி, எச்சம் போன பிறகும் மங்கிய அச்சு நிற்கும். அதனால் எச்சத்துக்கு மட்டும் அடுத்த கழுவல்வரை காத்திருக்காதீர்கள், பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள்.

கை வைக்கும் நேரம்: இரண்டு வாளி முறை

ஷாம்புவை லேபிளில் சொன்ன அளவில் கலக்குங்கள். அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தமாகாது, அலசத்தான் நேரம் பிடிக்கும்.

கையுறையை ஷாம்பு வாளியில் முக்கி, நிறைய நுரைத் தண்ணீரோடு எடுத்து ரூஃபில் வையுங்கள். அழுத்தாதீர்கள். நனைந்த கையுறையின் எடையே போதும். நேராக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி இழுத்துப் பாதி ரூஃப் முடிந்ததும் கையுறையின் மறுபக்கத்தைத் திருப்பி மீதிப் பாதி. அப்புறம் நேராக ஷாம்பு வாளிக்குப் போகக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர் வாளியில் முக்கி, சல்லடைத் தட்டில் தேய்த்து, பிழிந்துவிட்டு, பிறகுதான் ஷாம்பு. இந்த ஒரு ஒழுங்குக்காகத்தான் இரண்டு வாளி. ஒரே வாளியில் செய்தால், ரூஃபில் எடுத்த மண்ணையே ஷாம்புவோடு சேர்த்துக் கதவில் பூசுகிறோம்.

வரிசை இப்படி: ரூஃப், கண்ணாடிகள், பானட், டிக்கியின் மேல்பாகம், கதவுகளின் மேல்பாதி. கதவில் ஓடும் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கும்போது இரண்டாவது கையுறைக்கு மாறுங்கள். கதவின் அடிப்பாகம், பின் பம்பர், முன் பம்பரின் கீழ்ப்பகுதி கடைசியில். காரின் பின்புறம் ஓடும்போது காற்று சுழன்று தூசியை இழுத்துப் படியவைக்கும் இடம், பார்த்தால் தெரியாத மண் அங்கே நிறைய உண்டு.

ஒரு பாகத்தைக் கழுவியதும் அதை அலசிவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது, குறிப்பாக வெப்பமான நாளில். வெறும் தண்ணீர் வாளி கலங்கிப்போனால் கொட்டிவிட்டுப் புதிது பிடியுங்கள். பாதிக் காரில் ஒருமுறை மாற்றுவது வீண் வேலை இல்லை.

கையுறை தரையில் விழுந்தால்? அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. இரண்டு முறை உதறிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வோம் என்று கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள், சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாளி சரிப்படாதவர்களுக்கு இன்னொரு வழி: ஒரே வாளி ஷாம்புத் தண்ணீரில் 8, 10 மைக்ரோஃபைபர் துணிகளைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துணி. பயன்படுத்திய துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது. தண்ணீர் கடைசிவரை தெளிவாக இருக்கும். துவைக்கும் வேலை கூடும் என்பது மட்டுமே குறை, எனக்கென்னவோ சுத்தத்தில் இது இரண்டு வாளியைவிட ஒரு படி மேல்.

வராத கறையைத் தேய்க்காதீர்கள். விரல் நகம், பாத்திரம் தேய்க்கும் நார், பச்சை நிற ஸ்கிரப்பர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தார்ப் புள்ளிக்குத் தார் ரிமூவர் இருக்கிறது, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் கரைந்து வரும். மரப்பிசினுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். மறைவான ஒரு இடத்தில் பரீட்சை பார்த்துவிட்டு, கறையில் வைத்து இளகவிட்டு எடுத்து, அந்த இடத்தை மறுபடி ஷாம்புவால் கழுவுங்கள். பூச்சிகள் அப்பிய முன் பம்பருக்கு ஊறவைப்பதுதான் மருந்து. ஈரத்துணியைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

கடைசி அலசல்

மேலிருந்து கீழாக, நுரை ஒளிந்திருக்கும் இடங்களையும் சேர்த்து அலசுங்கள்: பக்கவாட்டுக் கண்ணாடிகள், கைப்பிடிகளின் பின்புறம், பெட்ரோல் மூடி, விளக்குகளின் இடுக்கு. முடிவில் ஹோஸின் நாசிலைக் கழற்றிவிட்டு, வேகமில்லாத தண்ணீரை ரூஃபிலிருந்து போர்வையாக வழியவிட்டுப் பாருங்கள். தெறிக்காமல் ஒரே படலமாக இறங்கும் தண்ணீர், நின்றிருந்த துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே மெழுகோ கோட்டிங்கோ இருந்தால் துடைக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

துடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

கழுவும்போது காட்டிய கவனம் டவலை எடுத்ததும் காணாமல் போய்விடுகிறது. கார் சுத்தமாகிவிட்டது என்ற தைரியம். ஆனால் இப்போது ஷாம்புவின் வழுக்கல் இல்லை, விட்டுப்போன ஒரு துகள் இருந்தாலும் அது இழுபடும்.

தானே காயட்டும் என்று விடவும் முடியாது. தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் ஆவியாகாது. வெள்ளை வளையங்களாகப் படிந்துவிடும். தண்ணீர் கடினமானதாக இருந்தால் படிவு அதிகம், வெயில் பட்டால் கிளியர் கோட்டிலேயே பதிந்துவிடும். தாது நீக்கிய தண்ணீரால் கடைசி அலசலைச் செய்ய வசதி இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

பெரிய டவலை இரண்டு கையாலும் பிடித்து பானட்டின்மேல் விரித்துப் போடுங்கள். மேலே லேசாகத் தட்டுங்கள், அல்லது ஓரத்தைப் பிடித்து உங்களை நோக்கி மெதுவாக இழுங்கள். தண்ணீரை டவல் குடிக்கட்டும். முன்னும் பின்னும் தேய்ப்பது வேண்டாம். கதவு போன்ற நெட்டுக்குத்தான இடங்களில் மடித்த டவலை ஒற்றி எடுக்கலாம். இன்னும் கொஞ்சம் வழுக்கல் வேண்டுமென்றால் குயிக் டீட்டெய்லர் என்று விற்கும் வழுக்கல் தரும் ஸ்பிரேயை ஈரப் பரப்பில் ஒன்றிரண்டு முறை அடித்துவிட்டுத் துடையுங்கள். இலை ஊதும் காற்றுக் கருவி இருந்தால் அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை, பெயின்ட்டைத் தொடவே தேவையில்லை. கருவியின் வாயை மட்டும் தரைப்பக்கம் வைத்து மண்ணைக் கிளப்பிவிடாதீர்கள். ரப்பர் விளிம்பால் வழித்தெடுக்கும் கருவியைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதவு நிலைகள், டிக்கி ஓரம், பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எல்லாம் கடைசியில், தனித் துணியால். இங்கே கிரீஸும் மண்ணும் இருக்கும், இந்தத் துணி மறுபடி பெயின்ட்டுக்கு வரக் கூடாது. முடிந்ததும் காரைக் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து விடுங்கள். இடுக்குத் தண்ணீர் வடியும், பிரேக் டிஸ்க்கும் உலரும். நனைந்த டிஸ்க்கில் மெல்லிய துரு சீக்கிரமே படியும், ஓட்டினால் போய்விடும், பயப்பட வேண்டாம்.

ஏற்கெனவே தண்ணீர்க் கறை இருந்தால், வெள்ளை வினிகரும் தாது நீக்கிய தண்ணீரும் சம அளவு கலந்து, மைக்ரோஃபைபரில் நனைத்து அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து, ஒற்றி எடுத்து அலசுங்கள். மேலே படிந்த தாது கரைந்துவிடும். அப்படியும் பள்ளம்போல் நின்றால் அது பாலிஷுக்கான வேலை.

தண்ணீர் குறைவாக இருந்தால்

ஹோஸ் எட்டாத வாகன நிறுத்தத்தில் இருப்பவர்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற கரைசல் இருக்கிறது. அதிலுள்ள பாலிமர்கள் அழுக்குத் துகளைச் சூழ்ந்து வழுக்கலாக்கிப் பெயின்ட்டிலிருந்து பிரிக்கும், கழுவிய பிறகு அலசத் தேவையில்லை. பல தயாரிப்புகளில் 1 பங்குக்கு 256 பங்கு தண்ணீர், அதாவது 10 லிட்டருக்கு 40 மி.லி. அளவு. முதலில் கரைசலைத் தெளித்து ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, பல துணி முறையில் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். ஒரு வாளியில் முழுக் காரும் முடிந்துவிடும். மெல்லிய தூசிக்கு இது அருமை. கட்டிச் சேற்றுக்கு ஒத்துவராது, அதற்குத் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும்.

துணிகளைப் பராமரிப்பது

மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவையுங்கள். பருத்தியோடு போட்டால் அதன் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். திரவச் சோப்பு நல்லது. துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் இழைகளின்மேல் படலம் பூசி, தண்ணீர் உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழை நுனி உருகி விறைத்துப்போகும், அப்புறம் அது துணி இல்லை, உப்புத்தாள். காய்ந்ததும் மூடிய டப்பாவில் வையுங்கள். பெயின்ட்டுக்கு ஓய்வுபெற்ற துணி வீலுக்கு, வீலுக்கு ஓய்வுபெற்றது என்ஜினுக்கு. மேல்நோக்கிப் பதவி உயர்வு கிடையாது.

கழுவாத நாட்களில்

தினமும் காலையில் உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தூசி தட்டுவது, பெயின்ட்டுக்குச் செய்யக்கூடியதிலேயே கெட்ட காரியம். துகள் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, நகர்வு இருக்கிறது, வழுக்கல் மட்டும் இல்லை. தூசியோடு விட்டுவிடுவது எவ்வளவோ மேல். கண்ணாடி தெரிந்தால் ஓட்டலாம். தூசி படிந்த காரின்மேல் உறை போடுவதும் இதே கதைதான், காற்றில் உறை அசைய அசைய உப்புத்தாள் வேலை நடக்கும். உறை போடுவதென்றால் கழுவிய காருக்கு மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகக் கழுவினால் பெரும்பாலான கார்களுக்குப் போதும்.

வேறு யாராவது உங்கள் காரைக் கழுவுகிறார்கள் என்றால் கையுறையும் டவலும் வாளியும் உங்களுடையதாக இருக்கட்டும். பத்துக் காரைத் துடைத்த துணியில் பத்துக் காரின் மணலும் இருக்கும். உலர்ந்த துணியால் தொடக் கூடாது என்ற ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பெயின்ட்டின்மேல் பாதுகாப்புப் படலமாகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்ட காரில் இத்தனை கவனம் தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்லக்கூடும். அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபம், அது உண்மை. மணல் துணியால் தேய்த்தால் அதிலும் கீறல் விழும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டுக்கு மெழுகும் பாலிஷும் ஆகாது, பளபளப்புத் திட்டு விழுந்தால் திருப்ப முடியாது. அதற்கென்றே உள்ள ஷாம்புதான் பாதுகாப்பு. புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் இருந்தால், எத்தனை நாள் கழித்துக் கழுவலாம், எப்போது மெழுகு பூசலாம் என்று அடித்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட்டுக்குப் பெயின்ட் அது மாறும்.

உங்கள் முறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, டிக்கி மூடியில் ஒரு சின்ன இடத்தைக் குறித்துக்கொண்டு, இருட்டில் கைப்பேசி டார்ச்சை அடித்துப் படம் எடுத்துவையுங்கள். சில கழுவல்களுக்குப் பிறகு அதே இடத்தில் அதே கோணத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். புதுக் கோடுகள் தெரிந்தால் முதலில் டவலைச் சந்தேகியுங்கள், அடுத்து வெறும் தண்ணீர் வாளியை, அதற்கடுத்துத் தண்ணீர் அடித்த நேரத்தை.